பெரிய சென்சார், சின்ன சென்சார், மூன்றாவது முடிச்சு

ஆவணி 9, செவ்வாய்

வெயில். மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்துவிட்ட குமாஸ்தா மாதிரி.

காலையில் பழைய கேமரா செத்தது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் விபூதியைச் சரிசெய்துகொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. அவரும் அப்படியே. "விடுங்க சார்" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிறு அடி அண்ணாமலையில் கல்யாண ஆர்டர். அதற்குள் ஒரு வழி.

கேமரா விற்கிற, வாடகைக்கும் விடுகிற இதாயத்துக்கு போன். "ஃபுல் ஃப்ரேம் மிர்ரர்லெஸ் ஒண்ணு. இல்லன்னா அதே காசுல க்ராப் சென்சார் ரெண்டு. நீங்களே சொல்லுங்கண்ணே."

என் புத்திக்கு எட்டியவரை: ஃபுல் ஃப்ரேமில் படம் விழும் சில்லு (அதுதான் சென்சார்) பழைய ஃபிலிம் அளவு. க்ராப்பில் அதைவிடச் சின்னது. பெரியது இருட்டிலும் பார்க்கும், முகத்துக்குப் பின்னால் இருப்பதைக் கரைத்துவிடும், காலப்போக்கில் தோளையும் கரைத்துவிடும். சின்னது கனம் கம்மி, விலை கம்மி, மரியாதையும் கம்மி.

வனஜாவிடம் (மனைவி. இனி வ., மை மிச்சம்) சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு வாங்குனா இன்னொண்ண யாருங்க புடிக்கிறது?"

"பேட்டரி ரெண்டுக்கும் ஒண்ணேதானான்னு கேக்கணும்" என்றேன்.

அந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவே ஒரு கிரிவலம் போய்வரலாம். கீரைத்தண்டு ஒடிகிற சத்தம் சற்றுப் பலமாகக் கேட்டது.

வாங்க வேண்டியவை: போட்டோ பேப்பர், ரப்பர் பேண்டு, தோள்வலித் தைலம்.

ஆவணி 10, புதன்

பகல் முழுக்க யூடியூப். நிபுணர்கள் எல்லோரும் பூனையையும் காப்பிக் கோப்பையையும் எடுத்துக் காட்டுகிறார்கள். கோப்பைக்குப் பின்னால் அறை அழகாகக் கரைகிறது. தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வரும் தாய்மாமனை எந்த சென்சார் சமாளிக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

செங்கம் ரோடு காப்பிக் கடையில் ஒரு வெள்ளைக்காரர். கழுத்தில் ஃபுல் ஃப்ரேம், எதிரே மலை. எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். படம் எடுப்பதையே விட்டுவிட்டாராம். இப்போது வெறுமனே பார்ப்பது மட்டும்தானாம். பிறகு கழுத்தில் ஏன்? அறையில் வைத்தால் திருட்டுப் போய்விடுமாம். பற்று அறுப்பதில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி.

பெரியதுக்குச் சாதகமாக:
இருட்டு மண்டபம்.
மணப்பெண் தனிப்படம்.
மாப்பிள்ளையின் தம்பி. பெங்களூரில் வேலை. போனில் முதல் கேள்வியே "ஃபுல் ஃப்ரேம்தானே சார்?" சைவமா என்று விசாரிக்கிற குரல்.

சின்னதுக்குச் சாதகமாக: தோள்வலி. அப்புறம், இரண்டு.

இந்த 'இரண்டு' எழுதியபின் பேனா நின்றது. கல்யாணமான நாளிலிருந்து வ. லைட் பிடிக்கிறாள். எங்கே பிடி என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. லைட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நான் திரும்புவேன். அங்கே ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஊரில் இதற்கு எனக்கு "நல்ல டைமிங்" என்று பெயர்.

சரி. சென்சார் விஷயத்துக்கு வருவோம்.

ஆவணி 12, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. இதாயத் நனைந்துகொண்டு வந்தான், கேமராப் பை மட்டும் நனையவில்லை. இரண்டையும் கொண்டுவந்துவிட்டான்.

"கல்யாணத்துல ரெண்டையும் போட்டுப் பாருங்கண்ணே. புடிச்சத வெச்சிக்கங்க. பொண்ணு பாக்குற எடத்துல இந்த வசதி உண்டா?"

வ. உள்ளேயிருந்து: "ஒண்ண வெச்சே ஒழுங்கா பாக்கல ஒங்க அண்ணன். நீ வேற."

இதாயத் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். நான் லென்ஸ் துடைத்தேன்.

க்ராப் கேமராவை 'ஸ்பேர்' என்று அறிவித்தேன். ஸ்பேர் வ. தோளில் இருக்கும், பெரியது மக்கர் பண்ணினால் வாங்கிக்கொள்வேன். அப்போது லைட்? "நாற்காலியில கட்டிட்டா போச்சு" என்றாள். யோசித்து வைத்திருந்த வேகம். இந்த யோசனைக்கு எத்தனை வயது என்று தெரியவில்லை.

ராத்திரி ரசம். உப்பு கம்மி. சொல்லவில்லை.

ஆவணி 14, ஞாயிறு

விடியலில் அடி அண்ணாமலை. மண்டபத்து ஜன்னலை மலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருக்கிறது. சாம்பாருக்கு வெங்காயம் வதங்கும் வாசனை. மணமேடை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் லைட்டைக் கட்டினோம். வ. இத்தனை காலம் பார்த்த உத்தியோகத்தை நாற்காலி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

ஜன்னலோரம் மணப்பெண் தனிப்படம். ஃபுல் ஃப்ரேம் அற்புதம். கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாக. பின்சுவரின் பெயிண்டு விளம்பரக் காலண்டர் பனியாகிவிட்டது. மனதுக்குள் அப்போதே வாங்கிவிட்டேன்.

முகூர்த்தம். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து முன்வரிசையில் நின்றேன். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். எடுத்தேன். அடுத்த நொடி அட்சதை, அதோடு ஒரு மஞ்சள் சட்டை. பெண்ணின் பெரியப்பா, போனை உயர்த்திக்கொண்டு.

"சார், கொஞ்சம் நகருங்க!"

"இருப்பா, எம் பொண்ணு, நான் எடுக்கக் கூடாதா?"

மீதி முடிச்சுகளை மாப்பிள்ளையின் அக்கா, பெண்ணின் முதுகுப்பக்கம் இருந்து போடுவார். நாத்தனார் முடிச்சு. என் இத்தனை கல்யாணங்களிலும் அது பின்னால்தான் நடந்திருக்கிறது, நான் முன்னால்தான் நின்றிருக்கிறேன். எந்த ஆல்பத்திலும் மூன்றாவது முடிச்சு கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

பழக்கதோஷத்தில் லைட்டைப் பார்த்துத் திரும்பினேன். லைட் எதையும் சொல்லவில்லை. அது நாற்காலியில் இருந்தது.

வ.வைக் காணோம். பந்தியில் பார்த்தபோது இரண்டாவது அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆவணி 15, திங்கள்

புழுக்கம். கம்ப்யூட்டரில் படங்கள்.

என்னுடையவை: மாப்பிள்ளையின் மூக்கு வெகு துல்லியம். தாலி லேசாக மங்கல். பின்னால் நின்ற உறவுக்காரர்கள் மொத்தமும் புகை. யூடியூப் நிபுணர்கள் காலில் விழுந்து கும்பிடுவார்கள். அடுத்த பன்னிரண்டு படங்கள் மஞ்சள் சட்டை, நல்ல தையல்.

ஸ்பேரில் இருந்தவற்றை ஒரு கடமைக்காகத் திறந்தேன்.

பின்னாலிருந்து. மணப்பெண்ணின் குனிந்த கழுத்து, ஒதுக்கிப் பிடித்த பூ, ஈர மஞ்சள் கயிறு. நாத்தனாரின் விரல்கள் மூன்றாவது முடிச்சை இறுக்குகின்றன. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டிருக்கிறார், ஊசியில் நூல் கோர்க்கிறவர் மாதிரி. அதற்கு அப்பால் சொந்தபந்தம் முழுக்க, ஒரு முகம் விடாமல். நிழலில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளி தட்டுகிறது. தேடினால்தான் தெரியும். தேடினேன்.

வலது ஓரத்தில் நானும் இருக்கிறேன். பெரிய கேமராவோடு, ஒரு மஞ்சள் முதுகைத் தீவிரமாகப் படமெடுத்துக்கொண்டு.

வ. பின்னால் வந்து நின்றாள்.

"எப்டி இருக்குதுங்க?"

"கொஞ்சம் நாய்ஸ் இருக்குது" என்றேன்.

"ஓ" என்றாள். மோட்டார் போடப் போய்விட்டாள்.

தொட்டி நிரம்பி வழிகிறவரை அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி 17, புதன்

மூட்டம். மழை இல்லை. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க ஆட்கள் வந்தார்கள். பெண்ணின் அத்தை, நாத்தனார், பெங்களூர்த் தம்பி.

அத்தை என் சிறந்த படத்தில் விரலை வைத்தார். "இன்னாங்க இது, பின்னாடி கீறவங்கல்லாம் பொகை மாரி கீறாங்க? எங்க வூட்டுக்காரர் எங்க?"

"இதாங்க்கா ஃபுல் ஃப்ரேம். இப்ப இதான் ஸ்டைல்" என்றான் தம்பி.

"ஸ்டைலா? மொய் எழுதுனவரு மூஞ்சி வேணாமா? நாளைக்கு அவரு கல்யாணத்துக்கே வரலன்னு சொல்லுவீங்க."

கல்யாணப் படத்தில் பின்னணி என்று ஒன்று கிடையாது. அதில் நிற்பவர்கள் எல்லோரும் பாத்தியதை உள்ளவர்கள். இதை எந்த நிபுணரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. நாத்தனார் கிட்டே போய்ப் பார்த்தார். தன் விரல்களைத்தான்.

"நானும் தாலி கட்டிக்கினேன். எங்க நாத்தனாரு முடிச்சு போட்டாங்க. ஆல்பத்துல அவங்க தலகூடத் தெரியாது. இது யாரு எடுத்தது?"

"நாங்கதான்" என்றேன்.

நல்ல சொல், அந்த 'நாங்க'. ஸ்டுடியோ போர்டு மாதிரி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டாது. வ. டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லா டம்ளர்களும் நிரம்பியிருந்தன, ஒருவரும் இன்னும் குடிக்கவில்லை.

நாத்தனார் அவள் போன திசையைப் பார்த்தார். "அந்தக்கா எம் பக்கத்துல ஸ்டூல் மேல நின்னுக்கினு இருந்தாங்க. நான் பாத்தேன்."

"ஆமா. அவதான் எடுத்தா" என்றேன். சொல்ல ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் ஆச்சரியம்.

"தை மாசம் எங்க பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு வெச்சிருக்குறோம். அவங்களையே அனுப்புங்க. நீங்க வரலன்னாலும் ஒண்ணும் இல்ல."

ஆல்பம் முதல் பக்கம்: மூன்றாவது முடிச்சு. தீர்மானம் ஏகமனதாக. தம்பி மட்டும் அது என்ன கேமரா என்று கேட்டான். க்ராப் என்றேன். அனுதாபமாகத் தலையாட்டினான்.

ஆவணி 19, வெள்ளி

பௌர்ணமி. பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே. ரோடு முழுக்க வெறுங்கால். இதாயத் பைபாஸில் வண்டியை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு நடந்து வந்தான், கையில் இரண்டு புதுப் பெட்டி. போட்டுப் பார்க்கத் தந்த ஃபுல் ஃப்ரேமையும் க்ராப்பையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஜன்னலோரப் படம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது. போகட்டும்.

"ரெண்டு சின்னதாண்ணே? நெசமாத்தானா? தோள்வலியா?"

"தோள்வலி" என்றேன்.

வ. இரண்டுக்கும் மூடியில் சந்தனம், குங்குமம் வைத்தாள். சூடம் காட்டினாள். பிறகு வேலை. மண்டபங்களில் சாமான் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி மார்க்கரால் பெயர் எழுதுவது ஸ்டுடியோ வழக்கம். எப்போதும் நான்தான் எழுதுவேன். மார்க்கரை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒன்றில் 'வனஜா' என்று முழுசாக எழுதினாள். மை ஊதிக் காயவைத்தாள்.

என்னுடையதில்: 'ஸ்பேர்'.