தட்டுக்கும் குட்டிக்கும் நடுவே

ஜூன் 4

இந்த நோட்டில் எழுதப் போவது:
1. மூன்று மாத நாய்க்குட்டி ஏன் நடக்க மறுக்கிறது.
2. சோற்றுத் தட்டைத் தினமும் எவ்வளவு தள்ளி வைத்தேன்.
3. அதன் பின்னங்கால்கள் மரத்துவிட்டன, வலி தெரியாது.
4. நடந்ததும் மைத்துனனிடம் காட்டுவது.

மூன்றாவதை இன்றே சோதித்தேன். முப்பது வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். ஊகத்தில் எழுதும் பழக்கமில்லை. கிடுக்கியால் அதன் பின்னங்கால் விரலை அழுத்தினேன். கால் அசையவில்லை. இருமுறை. முனகியது. பசியாக இருக்கும்.

ஜூன் 5

குட்டியைத் தந்தவன் மைத்துனன். தாயும் தகப்பனும் அவன் வளர்ப்பு, ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை. முந்தாநாள் போனில் சொன்னான்: "எங்க வளர்ப்புல நொண்டி கிடையாது அத்தான். உக்காந்தே கெடந்தா கால் மரத்துத்தான் போகும். தட்டத் தள்ளி வைங்க, தானா நடக்கும்."

எதிர்த்துப் பேச வரவில்லை. எப்போது வந்திருக்கிறது?

இன்று தட்டு ஓரடி தள்ளி.

ஜூன் 9

நான்கடி. ஊர்ந்து வந்து தின்றது.

ஜூன் 12

ஏழடி. சிமென்ட் தரையில் பின்பாதம் தேய்ந்து ரத்தக் கோடு. மனைவி துணி சுற்ற வந்தாள். வழுக்கும் என்று தடுத்தேன்.

"நாய்க்குப் பரீட்சை வைக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மரத்த கால் என்று விளக்கினேன். அவள் தரையைத் துடைத்தாள்.

ஜூன் 16

தட்டை எட்டவில்லை. பாதி வழியில் தலையைத் தரையில் வைத்துவிட்டது. மதியம் வரை காத்திருந்தேன், தட்டை நகர்த்தாமல். மனைவி குட்டியை வாரி எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கால்நடை ஆஸ்பத்திரிக்கு நான் பின்னால் போனேன்.

டாக்டரம்மா சோதித்துச் சொன்னார். வம்சத்தில் வருவதாம். தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கட்டளை வராத தசை சூம்புகிறது. முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால், கழுத்து, கடைசியில் மூச்சு. எவ்வளவு நடக்க வைத்தாலும் திரும்பாது.

வலியாவது இல்லையே என்றேன். என் சோதனையைச் சொன்னேன். டாக்டரம்மா அதே விரலை லேசாக அழுத்தினார். கால் அசையவில்லை. குட்டி தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்து முனகியது.

"கால இழுக்கறதுக்குத் தசை வேணும் ஐயா. அதுதான் போயிட்டிருக்கு. வலிய உணர்ற நரம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க காலயே பாத்திருக்கீங்க, மூஞ்சியப் பாக்கல."

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 18

கழுத்தும் நிற்கவில்லை. கருணை ஊசிக்குச் சம்மதித்தோம். மனைவி மடியில் போட்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன் — உள்ளே போக என்ன யோக்கியதை?

ஜூன் 20

மைத்துனன் கூப்பிட்டான். அதே ஜோடியை மறுபடி சேர்த்தாயிற்றாம். இதற்குப் பதில் வேறு குட்டி தருகிறானாம். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். இனிச் சேர்க்காதே என்றும் சொன்னேன். "சாகடிச்சது நீங்க, குத்தம் எங்க ரத்தத்துலயா?" என்று போனை வைத்துவிட்டான். அவன் சொன்னதில் பாதி உண்மை.

முதல் நாள் பட்டியலில் இரண்டாவது சரியாக இருக்கிறது, அடிக்கணக்கு பிசகவில்லை. மூன்றாவது தவறு. தட்டைத் தள்ளிய பன்னிரண்டு நாளும் அதற்கு வலித்தது.