ஒற்றைப்படை உன் வீட்டில், இரட்டைப்படை என் வீட்டில்

காலணிப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே ஒவ்வொரு கேசட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம். மாத்திரை டப்பாக்களுக்குள் ஈரத்தை உறிஞ்சக் கிடக்குமே, அதுதான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் தூக்கிப் போடுவதைப் பொறுக்கி வந்து நான் உனக்குக் கொடுத்தவை. ஒன்றைக்கூட நீ வீணாக்கவில்லை. தும்மினேன், சிரித்தேன், அழுதேன். மூன்றும் ஒன்றாக வந்ததைப் பார்த்த உன் மகள் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

ஏழு பெட்டிகள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் பூச்சோங்கில் புது வீட்டுக்குப் போகிறாள். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. “ஆன்டி, அம்மாவோட கேசட் எல்லாம் இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது லா,” என்று உன்னைப் போலவே பேச்சின் கடைசியில் ஒரு ‘லா’ போட்டுச் சொல்லி, காரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி என் கிள்ளான் வீட்டு ஹாலில் அடுக்கினாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண் கேசட்டுகள். என் அலமாரியிலோ இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக நம் முந்நூற்று நாற்பத்திரண்டு கேசட்டுகளும் ஒரே கூரையின் கீழ்! முதலில் நான் எதைத் தேடியிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுப் பதினேழு.

நாம் பழகியதே சண்டையில்தான். பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் சென்னையிலிருந்து வந்த ஒருவரின் கச்சேரி. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நல்ல இடம் ஒன்றே ஒன்று. அங்கே என் ரெக்கார்டரை வைத்து, பக்கத்தில் கைக்குட்டையும் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் என்னுடையது ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது; அந்த இடத்தில் உன்னுடையது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

“அக்கா, இது என் இடம்,” என்றேன்.

“கோயில்ல யாருக்கு லா சொந்த இடம்?” என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணி ஆலாபனை உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் கேசட் ‘டக்’ என்று நின்றது. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்துவிட்டது. பதறிப்போய்த் திருப்பிப் போடுவதற்குள் அந்த உச்சி போயே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் உன்னுடையதும் நின்றது. கச்சேரி முடிந்ததும் நீயே வந்து பேசினாய். “உன்னோடது நின்னப்போ என்னோடது ஓடுச்சு. என்னோடது நின்னப்போ உன்னோடது ஓடுச்சு. அடுத்த தடவை வேணும்னே முன்னபின்ன ஆரம்பிச்சா என்ன?”

அடடா, அந்த ஒரு யோசனைக்காகவே உன்னை மன்னித்தேன். அதன் பிறகு எந்தக் கச்சேரியிலும் நாம் ஒரு விநாடியைக்கூட விட்டதில்லை. முதலில் உன்னுடையது ஓடும். அது முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நீ சுண்டுவிரலை உயர்த்துவாய். நான் தயாராக இருந்து, அது நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் என்னுடையதை அமுக்குவேன். என்னுடையது முடிவதற்குள் நீ திருப்பிப் போட்டுத் தயாராக இருப்பாய். பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டி ரசிக்கும்போது நாம் இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் படபடப்புக்காகவே நான் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இப்படித்தான் ஒவ்வொரு கச்சேரியும் பாதி உன் கேசட்டிலும் பாதி என் கேசட்டிலுமாக ஆனது.

நாற்பது கேசட் சேர்ந்தபோது எதைத் தேடினாலும் கிடைக்காத நிலை. ஒரு சனிக்கிழமை உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, எப்படி அடுக்குவது என்று பேச ஆரம்பித்தோம். பேசினோமா? கத்தினோம். நான் மருந்துக் கிடங்குக்காரி. காய்ச்சல் மருந்தெல்லாம் ஒரே தட்டில் இருப்பதுபோலத் தோடியெல்லாம் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்றேன். நீ அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் அறையை ஆள்பவள். பாதி கடித்த கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“ஒரு கேசட்டுல ஏழு ராகம் இருக்கு. கேசட்ட ஏழா வெட்டுவியா?”

நீ விடவில்லை. “சாமானுக்கு நம்பர். அது வந்த வரிசையில அப்படியே இருக்கட்டும், அத யாரும் அசைக்கக் கூடாது. ராகம், தாளம், ஆளு எல்லாம் கார்டுல. கார்ட எப்படி வேணும்னாலும் அடுக்கிக்கோ.”

ஒரு உருப்படிக்கு ஒரு கார்டு. ராகம், பாடியவர், எந்த ஊர் மண்டபம், கேசட் எண், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம். முதலில் ரெக்கார்டரில் ஓடும் எண்ணைத்தான் எழுதினோம். உன் ரெக்கார்டரில் நூறு என்றால் என்னுடையது எண்பத்திரண்டு காட்டித் தொலைத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடிகாரத்துக்கு மாறினோம். கார்டுகள் மட்டும் இரண்டு செட், ஆளுக்கு ஒன்று. ராகத்தில் சந்தேகம் இருந்தால் பென்சிலில் எழுத வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் மை. அந்தச் சட்டம் போட்டதும் நீதான்.

கேசட்டுகளையாவது ஒரே வீட்டில் சேர்த்து வைப்போமே என்று கேட்டேன். “எல்லாம் ஒரே வீட்ல இருந்தா மத்தவ எதுக்கு லா பஸ் ஏறுவா?” என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குக் கார்டு எழுதினாய். ஒரு வாரம் நான் வருவேன், மறுவாரம் நீ வருவாய். வருகிறவள் கைப்பையில் கச்சேரியின் மற்ற பாதி இருக்கும்.

அப்புறம் வந்ததே நூற்றுப் பதினேழு! ஒரு வீணைக் கச்சேரி. வாசித்தவர் ராகத்தின் பெயரைச் சொல்லவில்லை. வீணையில் சொற்களும் இல்லை, சாகித்தியத்தை வைத்துக் கண்டுபிடிக்க. அவர் அந்த ஆலாபனையை ஆரம்பித்த நேரம் பார்த்து உன் சுண்டுவிரல் உயர்ந்தது. இருவர் தலையும் ரெக்கார்டர்கள் மேல். முதல் ஐந்து நிமிடம் உன் நூற்றுப் பதினேழில், மீதி என் நூற்றுப் பதினெட்டில். அடுத்த சனிக்கிழமை நான் வந்து உட்கார்ந்ததும் “பைரவி,” என்றேன். நீ “மாஞ்சி,” என்றாய். அக்காள் தங்கை போல முகஜாடை உள்ள ராகங்கள்தான். ஆனால் அதற்காகவா அப்படிச் சண்டை போடுவார்கள்? உன் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ் உனக்குக் கோபத்தில்தான் வரும். “உனக்கென்ன விசரே?” என்று என்னைப் பைத்தியக்காரியாக்கினாய். நான் சும்மா இருந்தேனா? “ஃபைல் அடுக்குறவளுக்கு ராகம் எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டு, என் கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பஸ்ஸில் ஏறும்போதே தெரிந்தது.

நான்கு மாதம் நீயும் வரவில்லை, நானும் வரவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் அரைக் கச்சேரிகள். எதைப் போட்டாலும் நல்ல இடம் வந்ததும் அறுந்துபோகும், தொடர்ச்சி பிரிக்பீல்ட்ஸில். வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை கேட் சத்தம். கையில் பிளாஸ்க், தோளில் கைப்பையுடன் நீ. “வா” என்று நான் சொல்லவில்லை, “எப்படி இருக்கே” என்று நீ கேட்கவில்லை. நேராக ரெக்கார்டரிடம் போய் நூற்றுப் பதினேழைப் போட்டாய். அது முடிந்ததும் நான் நூற்றுப் பதினெட்டைப் போட்டேன். முதல்முறையாக அந்த ஆலாபனையை முழுசாகக் கேட்டோம்.

முடிந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டு, “நீ சொன்னதுதான். மாஞ்சி,” என்றேன்.

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். “இல்ல லா. நீ சொன்னதுதான் சரி. பைரவி.”

அவரவர் பாதியையே நான்கு மாதம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மற்றவள் பாதியைக் கேட்டதும் இருவரும் கட்சி மாறிவிட்டோம்! கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் மறுபடியும் ஆரம்பித்தோம், இந்தத் தடவை எதிர்க்கட்சியில் நின்று. வித்துவான்கள் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்கவே கூடாது என்பதில் மட்டும் நாம் ஒத்துப்போனோம்.

இப்போது உன் கார்டுப் பெட்டியிலிருந்து அந்தக் கார்டை எடுத்தேன். ராகம் எழுதும் இடத்தில் காகிதம் மெலிந்து கிட்டத்தட்ட ஓட்டையாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பைரவி, மாஞ்சி, பைரவி, மாஞ்சி. எத்தனை தடவை அழித்திருக்கிறாய்! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? என் கார்டையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அதுவும் அதே லட்சணம்தான்.

“என்ன ஆன்டி, ரெண்டும் கிழிஞ்சு போச்சு?” என்று உன் மகள் எட்டிப் பார்த்தாள். கதையைச் சொன்னேன். உன்னைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இப்பத்தான் ரெண்டு கேசட்டும் இங்க இருக்குல்ல, போடுங்க. இன்னைக்கே முடிச்சிருவோம்.”

உன் நூற்றுப் பதினேழை உள்ளே வைத்தேன். விரல் பட்டன் மேல் போனது. அமுக்க முடியவில்லை. அமுக்கினால் நான் ஒருத்தியே கேட்டு, நான் ஒருத்தியே முடிவு கட்ட வேண்டும். உன்னோடு வாதாடாமல் எனக்கு அந்த ராகத்தில் என்ன இருக்கிறது? நீ இல்லை என்பது, இந்த இரண்டு மாதத்தில் அந்த ஒரு நொடியில்தான் எனக்கு முழுசாக உறைத்தது. கேசட்டை வெளியே எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினேன்.

“அம்மாவோட ஏழு பெட்டியையும் மறுபடி காருல ஏத்து,” என்றேன்.

“ஆன்டி! எங்க வீட்ல சிடி பிளேயர்தான் இருக்கு. இத வச்சு நான் என்ன செய்ய?”

“ரெக்கார்டர் நான் கொண்டுவரேன். நீ ஒரு அலமாரி மட்டும் கொடு. நம்பர் வரிசையக் கலைச்சிடாதே.”

“எனக்குப் பைரவியும் தெரியாது, இன்னொண்ணும் தெரியாது.”

“தெரிய வேணாம். கேட்டுட்டு வாய்க்கு வந்தத ஒண்ணு சொல்லு. நான் இல்லேன்னு சொல்றேன்.”

அவள் ஒரு பெட்டியைத் தூக்கினாள். “சனிக்கிழமையா?” என்றாள். பாரேன், நான் சொல்லவே இல்லை, அவளாகவே சனிக்கிழமை என்றாள்.

இன்று சனிக்கிழமை. பூச்சோங் பஸ்ஸுக்கு நேரமாகிறது, அதனால் வேகமாக எழுதுகிறேன். ரெக்கார்டரையும் நம் இரண்டு கார்டுகளையும் எடுத்துக்கொண்டேன். கைப்பையில் நூற்றுப் பதினெட்டு இருக்கிறது. பென்சில் இருக்கிறது, ரப்பரும் இருக்கிறது. பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.