பிறெடியின் தங்கை

2025 ஜனவரி 11, சனி

அண்ணாவின் போனை இன்று சார்ஜில் போட்டேன். அடக்கம் முடிந்த அன்று அலமாரிக்குள் வைத்தது, இரண்டு மாதமாக அங்கேயே கிடந்தது. நம்பரை நிறுத்துவதற்கு முன் யாருக்காவது சொல்லாமல் விட்டிருக்கிறேனா என்று பார்க்க நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் அடித்தது. மீரா சாஹிப் என்று பெயர் விழுந்தது. எனக்குத் தெரியாத பெயர்.

பிறெடி இருக்கிறாரா என்று ஒரு வயதான குரல் கேட்டது. நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார் என்றேன். பிறகு, "நீங்க யாரு பேசுற?" என்றார். தங்கச்சி என்றேன். "தங்கச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வெள்ளவத்தையில் அவருடைய பிளாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் கூடிப் பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னச் சண்டை விமானங்கள் ஒட்டிச் செய்வார்களாம். அண்ணாவின் ஒன்று முடியாமல் நிற்கிறதாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணா வெள்ளவத்தைக்குப் போவது தெரியும். சிநேகிதர் வீடு என்பார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசைக்குப் போனேன், வந்தேன். ஓராளுக்குச் சமைப்பது இன்னும் கைக்கு வரவில்லை. இன்றும் சோறு மிஞ்சியது.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணாவின் கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேஸ். உள்ளே ஒன்பது பெட்டிகள், எல்லாம் உடைக்காத விமானக் கிட்கள். எனக்கு எதற்கு? நாலைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டை ஸ்டேஷனில் கோச்சி ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன்.

மூன்றாம் மாடி. மீரா சாஹிப் எழுபது வயதுக்காரர், முன்பு மணிக்கூடு திருத்தியவர். றமேஷ் பல் டொக்டர். பல் சுரண்டும் பழைய ஊசிகளால் பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிறார். பந்துல பாணந்துறையிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்களத்தில்தான் கதைப்பார். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்கள். அண்ணாவின் சாயல் என்னில் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாவின் விமானம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தது. ஹரிக்கேன். இரண்டாம் உலக யுத்தத்தில் கொழும்புக்கு மேல் பறந்த வகையாம். என் கையளவு கூட இல்லை. மேலே பச்சையும் மண்நிறமும், இறக்கையில் வட்டச் சின்னம், எல்லாம் முடித்துவிட்டார். இரண்டு வருட வேலை என்றார் றமேஷ். மிச்சம் அதை அழுக்காக்குவதுதான். பறந்து பழசான மாதிரி.

புதுசைப் பழசாக்க இவ்வளவு பாடா என்று கேட்டேன். பந்துல சிரித்தார். ஒரு பிரஷைக் கையில் தந்து, உடைந்த இறக்கையொன்றில் செய்து பாருங்கள் என்றார்கள். ஆறு மணி வரை இருந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றும் போனேன். கரியைக் குழைத்துப் புகைபோக்கிக்குப் பின்னால் இழுப்பது பழகினேன். கை நடுங்கவில்லை. புதுக்கடையில் நொத்தாரிசு கந்தோரில் முப்பது வருடமாகக் காணி உறுதி டைப் அடிக்கும் விரல்கள், ஏதோ ஒன்றுக்கு உதவுகின்றன.

பெப்ரவரி 2, ஞாயிறு

மீரா சாஹிப் இன்று ஒரு விஷயம் சொன்னார். கண்ட இடத்திலெல்லாம் நிறத்தை உரிக்கக்கூடாது. ஆட்கள் எங்கே கால் வைத்தார்கள், எங்கே கையால் பிடித்தார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். விமானி இடது பக்கத்தால்தான் ஏறுவான், அதனால் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் நிறம் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து சும்மா பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அண்ணா கை ஊன்றும் மூலையில் வார்னிஷ் இல்லை. குளியலறைக் கதவில் பெயின்ட் போன இடம் அவர் உயரத்துக்கு இருக்கிறது. இருபத்தொன்பது வயதிலிருந்து இந்த வீட்டில் அவருக்குச் சமைத்தேன். அம்மா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தபோது வத்தளைச் சம்பந்தத்தை வேண்டாம் என்றேன். அம்மா போன பிறகு, அண்ணாவை ஆர் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். ஒருநாளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நித்திரையும் வராது.

புறப்படும்போது மீரா சாஹிபின் மனைவி ருக்கியா ஒரு புரியாணிப் பார்சலை என் பையில் வைத்தார். "ஒங்கட நானாவுக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கட்டிக் குடுத்தேன். வீட்டுல ஆக்கிக் குடுக்க ஆளில்லாத மனுஷன் தானே," என்றார். அண்ணாவைத்தான் நானா என்கிறார். பிறகு, சாதாரணமாகத்தான், கேட்டார்: "நீங்க அப்ப எந்த நாட்டுல ஈந்தீங்க?"

நான் சொன்னேன், "அதே வீட்டிலதான்."

றமேஷ் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டார். கடைசியில் மீரா சாஹிப்தான் மெதுவாகச் சொன்னார், அண்ணா முதல் நாள் வந்தபோது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, ஒருவரும் இல்லை என்றாராம். அதற்குப் பிறகு ஒருநாளும் மாற்றிச் சொல்லவில்லையாம்.

பதினொரு வருடம். ஒருவரும் இல்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு வருவார். மூடி வைத்த சோற்றில் நாலு வாய் சாப்பிடுவார். வயிறு சரியில்லை என்பார். நான் ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுப்பேன். பதினொரு வருடமாக ஓமத்தண்ணி. என்ன மனிசனடா நீ? புரியாணியைத் திண்டுபோட்டு வந்து என்ர ஓமத்தண்ணியையும் குடிச்சியே. எங்க வச்சுத் திண்டனி? கடற்கரையிலயா, கோச்சிக்குள்ளயா? நான் ஆர் உனக்கு? வேலைக்காரியெண்டாவது சொல்லியிருக்கலாமே —

ஹரிக்கேனை அவர்களிடம் விட்டுவர மனம் வரவில்லை. பெட்டியோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 12, பௌர்ணமிப் போயா லீவு

காலையில் ஸ்பிரிட் போத்தலும் பஞ்சும் பழைய பல் பிரஷும் எடுத்து உட்கார்ந்தேன். பச்சை போயிற்று. மண்நிறம் போயிற்று. சின்னங்கள் தோல் மாதிரி சுருண்டு வந்தன. பத்து மணிக்குத் தொடங்கினேன், ஒரு மணிக்கு வெறும் சாம்பல்நிறப் பிளாஸ்டிக். கழுவித் துடைத்து மேசையில் வைத்தேன்.

கோபம் தீரும் என்று நினைத்தேன். அவருடைய கடைசி வேலையை நான் உரித்துவிட்டேன் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

போகவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

போகவில்லை. மீரா சாஹிப் இரண்டு தடவை போன் அடித்தார். எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்வது?

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

வேலை விட்டு வந்து லூசியாள் கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டேன். வாசலில் ஆட்கள் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கதைக்க ஒருவரும் இல்லை. எத்தனை வருடம் இதே கோயில், இதே முகங்கள். அண்ணா பக்கத்தில் நின்றதால் அது தெரியவில்லை. அவரும் என்னோடு அதிகம் கதைத்ததில்லை. ஆனாலும் நின்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று போனை எடுத்தேன். ஏன் வரவில்லை என்று மீரா சாஹிப் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், அண்ணா முதல்முதல் எப்போது வந்தார் என்று. அவருக்கு நல்ல ஞாபகம். 2013, நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாம் ஞாயிறு. அந்தப் பெருநாளுக்குத்தான் மகள் குடும்பம் டுபாயிலிருந்து வந்திருந்ததாம்.

என் பழைய டயரிகள் எல்லாம் அம்மாவின் பெட்டகத்தில் இருக்கின்றன. 2013ஐ எடுத்தேன். ஓகஸ்ட் 18 ஞாயிறு. என்னுடைய கையெழுத்து:

"அண்ணாவோடு கதைக்காமல் இன்றோடு இருபத்தொரு நாள். பூசை முடிந்து ஒரு பையோடு எங்கோ போனார். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்."

நிலத்தில் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். ஜூலை 28:

"வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க அம்மாவின் அறையை ஒழித்தேன். அண்ணாவின் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்களைக் குப்பை வண்டிக்குப் போட்டேன். மூன்று விமானம். அதற்கு இந்த வயதில் அந்த மனிசன் சத்தம் போடுகிறார். மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் கதைப்பதில்லை."

யார் கேட்கும் வரைக்கும்? நான் அல்ல, அவர் மன்னிப்புக் கேட்கும் வரைக்கும்!

இதை மறந்தே போயிருந்தேன். சுண்ணாம்பு அடித்தது ஞாபகம் இருக்கிறது, விமானங்கள் இல்லை. செப்டெம்பரில்தான் திரும்பக் கதைத்திருக்கிறேன். முதலில் கதைத்தது அவர். காய்ச்சலா என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கு அந்த மனிதரிடம் வீட்டில் யார் என்று கேட்டபோது, மூன்று கிழமையாக அவரோடு ஒருவரும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. பொய் சொல்லவில்லை அவர். பிறகு மாற்றிச் சொல்லியிருக்கலாம், அது உண்மை. சொல்லாமல் விட்டது அவருடைய பிழை. ஆனால் குப்பை வண்டிக்குப் போட்ட சாமானைச் செய்ய, என்னிடமிருந்து தூரமாக ஒரு மேசை தேடிப் போனவர்தானே.

பதினொரு வருடத்துக்கு முன் மூன்று. இப்போது ஒன்று.

மார்ச் 16, ஞாயிறு

பெட்டியோடு போனேன். மூன்று பேருக்கும் ருக்கியாவுக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். குப்பை வண்டி, இருபத்தொரு நாள், ஸ்பிரிட் போத்தல். பந்துலவுக்கு றமேஷ் சிங்களத்தில் சொன்னார். பெட்டியைத் திறந்து காட்டினேன். பந்துல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கோபம், மறைக்கவில்லை. அண்ணாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இரண்டு வருடம் இருந்து அந்தப் பச்சையைக் கலந்து கொடுத்தவர் அவர்தானாம்.

மீரா சாஹிப் விமானத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டின எடம் ஒண்டும் விடல்ல. பிறெடிட வேல அப்பிடியே ஈக்கி. மேல பூசினதுதான் போயிட்டு," என்றார்.

புறப்படும் நேரம் பந்துல ஒரு சின்னப் போத்தலை எனக்கு முன்னால் வைத்தார். அந்தப் பச்சை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

விடியப் பூசை. கோயில் வாசலில் பொலிஸ், பைகளைச் சோதித்தார்கள். இதே நாளில் கோயில்களில் குண்டு வெடித்து ஆறு வருடமாகிறது. வீட்டுக்கு வந்து நான் மட்டும் கேக் வெட்டினேன். பின்னேரம் ருக்கியா போன் எடுத்து வாழ்த்துச் சொன்னார்.

மே 11, ஞாயிறு

மேல் நிறங்கள் முடிந்தன. அண்ணாவின் அளவுக்குக் கோடு நேராக வரவில்லை. பந்துல பார்த்தார். பிறகு ஒரு இடத்தை மட்டும் அவரே திருத்தித் தந்தார்.

ஜூன் 1, ஞாயிறு

ஹரிக்கேனின் பின்பக்கம் உலோகம் இல்லை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி என்று இன்றுதான் தெரிந்தது. அங்கே உலோகத்தின் வெள்ளிநிறம் தெரிய உரிக்கக்கூடாதாம். அப்படியென்றால் என்ன செய்வது என்று அவர்கள் மூன்று பேரும் வாதாடினார்கள்.

துணி எனக்குத் தெரியும், இத்தனை வருடம் துவைத்தவள். துணி உரியாது. வெயிலில் மேல்பக்கம் வெளுக்கும், சட்டம் முட்டுகிற இடத்தில் ஊத்தை கோடாகப் பிடிக்கும், எண்ணெய் பட்ட இடத்தில் கறை விளிம்புதான் கடுமையாக இருக்கும். சொன்னேன். செய்யுங்கள் என்றார்கள். இரண்டு மணித்தியாலம் ஒருவரும் என்னைக் குழப்பவில்லை. தலையை நிமிர்த்தினால் மூன்று பேரும் பக்கத்தில் நிற்கிறார்கள். றமேஷ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தார். "இதை நாங்கள் ஒருத்தரும் இப்பிடிச் செய்யேல்லை," என்றார்.

அண்ணா இதைப் பார்க்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கக்கூடிய ஆளாக நான் இருந்தேனா?

ஜூன் 25, புதன்

சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. எல்லாருக்கும் பெயர் அட்டை அடிப்பது என் பொறுப்பு. மத்தியான இடைவேளையில் கந்தோரிலேயே அடித்தேன். மற்றவர்களுடையது பத்து நிமிடத்தில் முடிந்தது. எங்களுடையது முடியவில்லை. பிறெடி என்று மட்டும் அடித்தேன், பொய். யோசெப்பின் என்று மட்டும் அடித்தேன், அது களவு. நொத்தாரிசு ஐயா உள்ளே வந்து என்ன உறுதி இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

கடைசியில்: "கட்டியவர் பிறெடி. நிறம் பூசியவர் அவருடைய தங்கை யோசெப்பின்."

அடித்துவிட்டு எழுத்துப்பிழை பார்ப்பது மாதிரி பல தடவை வாசித்தேன்.

ஜூன் 28, சனி

நல்ல சனம். பந்துல தன் பழைய மாணவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அட்டை தமிழில் இருந்ததால் அவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவர் என் பக்கம் கையைக் காட்டி, "மே பிறெடிகே நங்கி," என்றார். இது பிறெடியின் தங்கை. அவ்வளவுதான் சொன்னார்.

தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மழை. போகவில்லை. பகல் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. வீடு இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மீரா சாஹிபின் பிளாட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். எங்கே கூடுவது என்று போன கிழமை யோசித்தபோது என் வாய் முந்திவிட்டது. எல்லாரும் இன்று கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்தார்கள், ருக்கியாவும். அண்ணாவின் அறைக் கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்துவிட்டு மேசையைப் போட்டேன். கதிரை போதவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவிடம் இரண்டு இரவல் வாங்கினேன்.

நிலமெல்லாம் பச்சையும் கரியும். றமேஷ் துடைக்கப் போனார், விடச் சொன்னேன்.

ஐந்து மணிக்குப் போய்விட்டார்கள். கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அடுத்த ஞாயிறும் தேவைப்படுமா என்று வெள்ளையம்மா கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் ஏன் சும்மா சுமக்கிறீர்கள், அங்கேயே இருக்கட்டும் என்றார். திரும்பக் கொண்டுவந்து போட்டேன்.