வாசலைப் பார்த்த நாற்காலி

இன்று காலை கடையில் சுக்கு மூட்டை இறக்க வந்தவர்கள் உன் நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "எடுத்த எடத்துலயே வையுங்கப்பா" என்று கத்திவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது முதுகைச் சுவருக்குக் கொடுத்து, முகத்தைத் தெருவுக்குக் கொடுத்துத்தான் கிடக்க வேண்டும் எனக்கு.

கொச்சியில், இந்தக் கொச்சங்காடியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். நான் அத்தாவின் சுக்குக் கடையில் உட்கார்ந்தேன். நீ போலீசில் சேர்ந்து, டில்லியில் நாட்டின் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவில் பெரிய அதிகாரி ஆனாய். லீவில் வந்தால் காரைப் பாலத்துக்கு அப்பாலேயே விட்டுவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு நடந்து வருவாய். இந்த நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாயா குடிப்பாய், ஊர்க்கதை கேட்பாய். உன் வேலையைப் பற்றி நான் வாயைத் திறந்தால் மட்டும், "அதை விடுடா, சுக்கு என்ன விலை?" என்பாய். போட்டோ எடுக்க விட்டதே இல்லை. "பிரியப்பட்டவங்க பேரை ஆபீஸ்ல உச்சரிக்கவே மாட்டேன். பேரு ஒருக்கா உள்ளே போச்சுன்னா வெளிய வராது" என்றாய் ஒருநாள்.

ஒருமுறை நீ வந்து போன மறுவாரமே என் தங்கை மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போலீஸ் தேடும் யாரோ ஒருவனோடு போனில் பேசினானாம். விசாரித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் கிடைக்க இருந்த கல்ஃப் வேலை போயிற்று, பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றது. எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்த தங்கை கடைவாசலில் நின்று அழுதாள்: "அண்ணே, உன் கூட்டுக்காரன்தான் காட்டிக் கொடுத்தான். நீ சாயா ஊத்திக் கொடுத்து எங்க வீட்டுக் கதையெல்லாம் சொன்னே!" அன்றோடு பேச்சு நின்றது. தெருவைத் தாண்டினால் அவள் வீடு. பெருநாளுக்குக்கூட வருவதில்லை.

அடுத்த முறை வந்தபோது உன்னிடம் நேராகவே கேட்டேன், "நீயாடா?"

கிளாசைக் கீழே வைத்தாய். "கேக்காதேடா. ஆமான்னாலும் இல்லன்னாலும் நான் சொல்லக் கூடாது."

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? அப்படியும் மறுநாள் நீ வருவாயா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்கங்கெட்ட மனசு.

உன் வீட்டு முற்றத்தில் துப்பாக்கி முழங்கி மரியாதை செய்த அன்று, உனக்குக் கீழே வேலை பார்த்த தமிழ் அதிகாரி ஒருவர் நான் யார் என்று கேட்டார். சொன்னேன். "சாருக்கு இப்படி ஒரு சினேகிதரா? இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கேன், ஒருவாட்டிகூட சொன்னதில்லையே!" என்றார்.

அங்கேயே அழுதுவிட்டேன். என் பெயரை உள்ளே விடாமல் காப்பாற்றியிருக்கிறாய் என்று நெஞ்சு குளிர்ந்தது. திரும்பி வரும் வழியில்தான் மற்றது உறைத்தது. தகவல் தருகிறவன் பெயரையும் உங்கள் வேலையில் இப்படித்தானே மூடி வைப்பார்கள்?

இன்று மூட்டைக்காரர்கள் போனதும், முதல்முறையாக உன் நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே தங்கை வீட்டு வாசல். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எல்லாம் தெரிகிறது. கதவைத் திறந்த தங்கை, அதில் நான் இருப்பதைப் பார்த்தாள். சட்டென்று சாத்திக்கொண்டாள்.

இந்த மடலில் நானும் உன் பெயரை எழுதவில்லை. பிரியத்தினாலா, பயத்தினாலா என்று என்னைக் கேட்காதேடா.