நாலு மணிச் சோறு

புரட்டாசி, வியாழன் இரவு.

என் வீட்டுக்காரர் அக்கரையில் இருக்கும் பிறை ரயிலடியில் இரவு வேலைக்கு மாறியதிலிருந்து வீட்டில் சாப்பாட்டு வேளையே குழம்பிவிட்டது. காலை ஃபெரிப் படகில் வந்து படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்து சாப்பிடுவார். அவருக்கு முன் நான் சாப்பிடக்கூடாது என்பது மாமியார் வைத்த சட்டம். மத்தியானம் வயிற்றைக் கிள்ளும் பசி நாலு மணிக்குள் செத்துவிடும். அப்புறம் இரண்டு கவளம்கூட இறங்காது. எனக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது.

இன்று மத்தியானம் பிள்ளை வெறும் மார்பைச் சப்பிவிட்டு அலறினான். நான் பானையைத் திறந்து போட்டுச் சாப்பிட்டேன்.

“புருஷன் பட்டினியாத் தூங்குறான். நீ முன்னாடி அள்ளித் திங்கிறியா?” என்றார் மாமியார்.

சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அடித்துவிடுவாரோ என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். அவர் தன் அம்மாவிடம் சொன்னார்: “எனக்கும் நாலு மணிக்குப் பசிக்கிறதில்லம்மா. நான் உக்காராட்டி இவ சாப்பிட மாட்டாளேன்னுதான் எழுந்திரிக்கிறேன்.”

மாமியார் அதற்குப் பிறகு சோற்றைத் தொடவில்லை. அவருக்கு வைத்த சோறு இன்னும் மூடியபடியே இருக்கிறது. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். மாமியார் அடுப்படி வாசலுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்திருக்கிறார்.

எனக்கு மறுபடியும் பசிக்கிறது.