நிற்காமல் போனவள் எழுதுகிறேன்

என் அன்பு மதினி தமிழரசிக்கு,

நீ இருந்தவரை உன்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. சிநேகிதியாக இருந்தவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் பெயர் சொல்லித்தான் அழைத்தேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. கோச்சடை வீட்டில் உன் தங்கப் பதக்கங்களை அம்மா வாராவாரம் துடைக்கிறாள். பக்கத்தில் தொங்கும் என் வெள்ளிகளையும் துடைக்கிறாளா என்று எட்டிப் பார்க்கிறேன். செத்தவளோடு யாராவது போட்டி போடுவார்களா, சொல்லு?

உன்னைச் சைக்கிள் பந்தயத்துக்குக் கூட்டிப் போனதே நான்தான். முதல் வருஷம் என் பின்னால் வந்தாய். அப்புறம் மாவட்டம், மாநிலம், தேசியப் பட்டம். யாழினியைப் பெற்ற பிறகும் திரும்பி வந்து ஜெயித்தாய். நான் முன்னால் போய் எதிர்காற்றை வாங்குவேன். நீ என் முதுகுக்குப் பின்னால் தெம்பைச் சேர்த்து வைத்துக் கடைசியில் பாய்வாய். "எம் மருமக இருக்காளே!" என்று அம்மா தெருவெல்லாம் பேசினாள். மகள் ஒருத்தி இருந்ததை யாரிடமாவது சொன்னாளா?

உன் கடைசிப் பந்தயத்தைப் பற்றி இன்று சொல்லியாக வேண்டும். திருவாதவூர் சாலையில் உன் டயர் பஞ்சரானது. நான் நின்று என் சக்கரத்தைக் கழற்றித் தர வேண்டும் என்பது நம் அணியின் ஏற்பாடு. "செல்வி, நில்லுடி!" என்று கத்தினாய். காதில் விழவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். விழுந்தது. நன்றாகவே விழுந்தது.

பின்னால் வந்த வண்டியில் வேறு சக்கரம் வாங்கி மாட்டிக்கொண்டு தனியாகத் துரத்தி வந்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "இம்புட்டு தூரம் தனியாவா ஓட்டுன? பின்னால ஒட்டிக்க, நான் முன்னால போறேன்" என்றாய். ஆத்திரமாக வந்தது. நல்லவளாகவும் நீயேதான் இருக்க வேண்டுமா? அன்றும் நீ முதல், நான் இரண்டாவது.

அதே வருஷம் ரத்தப் புற்றுநோய் உன்னைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்டி, விடு" என்றாய். என்ன தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாழினிக்கு இப்போது பதினாலு வயது. நேற்று வந்து நின்றாள். "அத்தை, ஞாயித்துக்கிழமை எங்கூட ரேஸ் வாரீகளா? எங்கம்மா உங்கள எப்பவும் ஜெயிச்சிருவாகளாம்ல?" வயிறு எரிந்தது மதினி, சின்னப் பிள்ளையைப் பார்த்து!

அன்று நீ கூப்பிட்டும் நான் நிற்காமல் போனதைப் போட்டிக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகும் அவள் வந்தால், விட்டுக்கொடுக்காமல் ஓட்டுவேன். அவள் ஜெயித்தால் தன் காலால்தான் ஜெயிப்பாள். நான் பொறாமைப்படுவேன். இந்தத் தடவை அதை மறைக்க மாட்டேன்.

உன் நாத்தனார்,
செல்வி