மூன்று நகரத்து வீட்டு விலை குறித்து ஆழித்துறையார்க்கு விடுத்த ஓலை

கடல் கரையை மறவாததுபோல் கோல் குடியை மறவாதிருக்க. தென்திரை நாட்டு மலையும் வயலும் துறையும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் நங்கைவேள் அரசி, மாடவாயில் அரண்மனையில் வீற்றிருந்து, தம் ஆட்சியாண்டு பதினான்கில், கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், ஆழித்துறை நகரத்தலைவர் எயினனார்க்கும், அவருடன் அமர்ந்து நெறி காக்கும் நகரசபையார் அனைவர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் மனைகளில் விளக்கு நின்று எரிக. உங்கள் கலங்கள் சென்ற வழியே மீள்க. கண்ணீர் கண்ட முற்றங்கள் விரைவில் உலர்க.

சென்ற ஐப்பசியில் உங்கள் துறைவாயிலில் கயல் என்னும் கலம் உடைந்து, உங்கள் நகரத்தார் பதினொருவர் மாண்டதை நாடறியும். ஏன் உடைந்தது என்று கேட்டு நீங்கள் விடுத்த ஓலை இருமுறை இங்கே வந்தது. இருமுறையும் அரண்மனை வாய் திறக்கவில்லை. காற்றின் பிழை என்று எழுதி முடித்துவிடலாம் என்றனர் அமைச்சர் சிலர். அது காற்றின் பிழை அன்று. எம் வீட்டுவரி அதிகாரி பூதனார் சபையில் நின்று சொன்னவற்றை, அவர் சொன்னபடியே இங்கு எழுதுவிக்கிறோம். பொறுமையோடு படித்தருள வேண்டும்.

இரண்டாண்டுக்கு முன் உங்கள் துறைப் பணியாளர் பத்தொன்பது குடும்பத்தார் எமக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். பிறநாட்டு வணிகர் வந்து பொன்னைக் கொட்டி வீடுகளை வாங்கியதால் ஆழித்துறையில் விலை ஏறிவிட்டது. வணிகர் குழுவிடம் வீட்டையே ஈடு வைத்துக் கடன் வாங்கித்தான் ஒரு கூரைக்குக் கீழே குடியிருக்க முடிகிறது. மாதக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. வட்டி தவறிய மூன்று வீடுகளைக் குழுவினர் பூட்டி எடுத்துக்கொண்டனர் என்பது அதன் சாரம். இதை ஆராய்ந்து ஒரு வழி சொல்லும்படி பூதனாரைப் பணித்தோம்.

பூதனார் இந்தப் பணிக்குத் தக்கவர் என்றே நம்பினோம். அவர் பிறந்தது சொந்த வீடற்ற குடியில். அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்புமுன் அவர் தந்தை ஏழு வீடு மாறினார். ஒவ்வொரு முறையும் அம்மியைத் தலையில் சுமந்து தெருவில் நடந்த தாயின் பின்னால் நடந்தவர் அவர். ஆகையால் ஏவலரை அனுப்பி விலை கேட்டு வரச் சொல்லாமல் தாமே கிளம்பினார். மாடவாயில், ஆழித்துறை, உள்நாட்டுச் செந்நெற்குடி ஆகிய மூன்று நகரிலும் ஐந்து திங்கள் தெருத்தெருவாக நடந்தார். வாங்கியவரைக் கேட்டார், விற்றவரைக் கேட்டார், விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவரையும் தேடிப் பிடித்துக் கேட்டார்.

அவர் கண்டது இது. இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட ஓட்டு வீடு ஆழித்துறையில் இருநூற்று நாற்பது பொன். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு பொன். அதே அளவு வீடு மாடவாயிலில் நூற்றறுபது பொன், வட்டி ஒன்றேகால். செந்நெற்குடியிலோ அறுபது பொன். வட்டி அரைப் பொன். கையில் நாற்பது பொன் சேர்த்து, மீதி இருநூறைக் கடன் வாங்கி ஆழித்துறையில் குடியேறும், கலங்களுக்குத் துறைவழி காட்டும் மீகாமன் ஒருவன், மாதம் ஆறு பொன் கூலியில் நான்கை வட்டியாகக் கொடுக்க வேண்டும். அவனே செந்நெற்குடியில் பத்துப் பொன் கொடுத்து ஐம்பது கடன் வாங்கினால், மாத வட்டி கால் பொன். மிச்சம் ஐந்தேமுக்கால் பொன் அவன் பிள்ளைகளுக்கு. செந்நெற்குடிச் சாவடியில் உட்கார்ந்து இதைக் கூட்டிப் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது என்று பூதனார் சொன்னார். தம் தந்தைக்கு எவரும் செய்யாததைப் பத்தொன்பது பேருக்குத் தாம் செய்யப் போவதாக அன்று அவர் நினைத்தார்.

அவர் கொணர்ந்த ஓலையை எம் சபை புகழ்ந்தது. பத்தொன்பது குடும்பங்களும் மூன்று காதம் உள்ளே செந்நெற்குடிக்குப் பெயர்வது, பழைய கடனை அரண்மனை தீர்ப்பது, புதிய கடனுக்கு அரண்மனை பிணை நிற்பது என்று ஆணை எழுதினோம். முத்திரையும் இட்டோம்.

கயிறு திரிப்போர், எடை போடுவோர், பாய் தைப்போர் ஆகிய பதினேழு குடும்பத்தார்க்கு அந்த ஆணை நன்மையே செய்தது. திரித்த கயிறும் தைத்த பாயும் வண்டியில் துறைக்கு வந்தன. எடை போடுவோர் முறைவைத்து வந்து போயினர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்ற இருவர், துறைவாயில் மணல்திட்டுகளுக்கு நடுவே கலங்களை வழிநடத்தி உள்ளே கொணரும் மீகாமர். அவர்களுள் ஒருவர் ஆதன். வீடு பெயரும் நாளில் ஆதன் பூதனாரிடம் வந்து சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறோம்:

“ஐயா, நீங்க போட்ட விலை சரி, வட்டியும் சரி. கப்பல் வர்ற நேரம் மட்டும் என் கையில இல்லீங்க.”

பூதனார் அதைத் தள்ளிவிடவில்லை. மீகாமர் இருவரும் பத்து நாளுக்கு ஒருவராகத் துறையருகே ஒரு கொட்டகையில் தங்குவது, ஒருவர் இருக்க மற்றவர் வீடு செல்வது என்று முறை வகுத்தார். அவசரத்துக்கு ஒரு குதிரையும் கொடுத்தார். ஓராண்டுக்கும் மேலாக அந்த முறை பழுதின்றி நடந்தது. பூதனாரும் அதை மறந்து வேறு பணிகளில் ஆழ்ந்தார்.

ஐப்பசி எட்டாம் நாள் ஆதன் தம் முறையை முடித்து வீடு சென்றார். மற்ற மீகாமர் வந்து பொறுப்பேற்ற மறுநாள் இரவே கடுஞ்சுரத்தில் விழுந்தார். பத்தாம் நாள் காலை, பெருங்காற்றுக்கு முன்னால் ஒதுங்க இடம் தேடிக் கயல் துறைவாயிலுக்கு வந்து கொடி காட்டியது. குதிரையேறி ஒருவன் செந்நெற்குடிக்கு விரைந்தான். சொல் கேட்ட அளவில் ஆதன் உண்ட கையைக் கழுவாமல் அதே குதிரையில் கிளம்பினார். வழியில் காட்டாறு அதற்குள் பெருகிவிட்டிருந்தது. குதிரை இறங்க மறுத்தது. அதை விட்டுவிட்டு, கழுத்தளவு நீரில் நீந்திக் கடந்து, எஞ்சிய ஒன்றரைக் காதமும் ஓடியே வந்தார். கயலின் தலைவன் நண்பகல் வரை நங்கூரத்தில் நின்று காத்திருந்தான். பிறகு நங்கூரக் கயிறு அறுந்தது. ஆதன் கரைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய இன்னும் மூன்று நாழிகை இருந்தது; கலம் மூன்று துண்டாகத் திட்டின்மேல் கிடந்தது. நீந்தத் தெரிந்தவர் சிலரை உங்கள் மீனவர் காப்பாற்றினர். பதினொருவரைக் காப்பாற்ற முடியவில்லை.

செய்தி மாடவாயிலை எட்டியதும் பூதனார் செந்நெற்குடிக்குத்தான் முதலில் சென்றார். ஆதன் தம்மைச் சபிப்பார் என்று எண்ணிச் சென்றார். ஆதன் அங்கே இல்லை. கலம் உடைந்த நாளிலிருந்து துறைக் கொட்டகையை விட்டு வர மறுத்து அங்கேயே கிடக்கிறார் என்றார் அவர் மனைவி வெண்ணி. உள்ளே வரச் சொல்லி, மோர் கொடுத்து, அந்த அம்மை சொன்னார்: “இந்த வீட்டுக்கு வந்த பொறவுதான் மாசக் கடைசியில பானையில அரிசி மிச்சம் இருந்துச்சு. அதைச் சொல்லக்கூட இப்ப நாக்கு கூசுது.”

அந்தச் சொல்லைக் கேட்டபின் பூதனாரால் மோரைக் குடிக்க முடியவில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. இரண்டும் தம் கையால் வந்தவை. அங்கிருந்து துறைக்குச் சென்று ஆதனைக் கண்டார். ஆதன் கோபிக்கவில்லை. கொட்டகைக்கு மேல் ஓலை பெயர்ந்த இடத்தைக் காட்டி, அதைச் சரிசெய்ய ஆள் கேட்டார். கலங்களை உள்ளே கொணர்வதை விடமாட்டேன், ஆனால் இனி இந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டேன் என்றார். மனைவியும் மக்களும் மூன்று காதத்துக்கு அப்பால், நீர் இங்கே என்றால் அது என்ன குடும்பம் என்று பூதனார் கேட்க, ஆதன் பெயர்ந்த ஓலையைத் தாமே எடுத்து அடுக்கத் தொடங்கினாராம்.

அதன்பின் பூதனார் எம் சபைக்கு வந்து, எவரும் கேளாமலே தம் குற்றத்தைச் சொன்னார். தொலைவைக் கணக்கில் கொள்ளாததுதான் குற்றம் என்று நாம் எண்ணியிருந்தோம். அவர் சொன்னது அதனினும் கொடிது. ஆழித்துறையில் விலை ஏன் ஏறியது என்று ஆராய்ந்தபோது, பாய்மரத் தெருவிலும் அதைச் சுற்றிலும் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த நாற்பது வீடுகளை அவர் எண்ணியிருக்கிறார். அவற்றுள் முப்பத்துநான்கு வீடுகள் வணிகருடையவை. ஆறு அரண்மனையுடையவை. விருந்தினர் வந்தால் தங்கட்டும் என்று முன்னொரு காலத்தில் கேட்ட விலைக்கு மேல் கொடுத்து நாம் வாங்கி, பின் எவரும் தங்காமல் பூட்டி வைத்தவை. அரண்மனை கொடுத்த அந்த விலையைக் காட்டித்தான் மற்ற வீடுகளுக்கும் விலை பேசத் தொடங்கினர் என்று உங்கள் நகரத்து முதியோர் அவரிடம் சொல்லியிருக்கின்றனர்.

“அந்த ஆறு வீட்டையும் பார்த்தேன், தேவி. ஓலையில் எழுதவில்லை. எழுதினால் தங்களுக்கு மனவருத்தம் வரும் என்று விட்டுவிட்டேன்” என்றார் பூதனார்.

துறை மணி அடித்தால் கேட்கும் தொலைவில் ஆறு வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. மீகாமர் குடும்பம் இரண்டே. தம் அதிகாரி உண்மை எழுத அஞ்சும்படி ஓர் அரசி இருந்திருக்கிறாள் என்பதை எமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று சபை கலைந்தபின்னும் நாம் இருக்கையை விட்டு எழவில்லை.

பூதனார் தம் பதவியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி வேண்டினார். நாம் இசையவில்லை. இறந்த பதினொருவர் வீட்டுக்கும் சென்று, வாயிலில் நின்று, பிழை கடலுடையதன்று, அரண்மனையுடையது என்று சொல்லி வருமாறு பணித்தோம். இதை அவர் ஒன்பது நாளில் செய்தார். ஒன்பது வீட்டார் கேட்டுக்கொண்டனர். சிலர் அழுதனர், ஒருவர் அவர்மேல் மண்ணை வாரி வீசினார், ஒரு வீட்டில் அவருக்குச் சோறிட்டனர். இரண்டு வீட்டார் கதவு திறக்கவில்லை. ஒன்று, ஒரே மகனை இழந்த ஒரு தந்தையின் வீடு. அங்கே உள்ளிருந்து ஓசையே இல்லை. மற்றது கயலின் சுக்கான் பிடித்தவன் மனைவி கொற்றியின் வீடு. கதவுக்குப் பின்னால் நின்றபடி கொற்றி சொன்னார்: “எழுதினவரு வந்துட்டீரு. முத்திரை வெச்சவங்க எங்கே?”

பூதனார் எம்மிடம் வந்து அதையும் மறைக்காமல் சொன்னார். இம்முறை அவர் எம் மனவருத்தத்தைப் பார்க்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறோம்.

ஆகவே ஆணை இது. பாய்மரத் தெருவிலுள்ள அரண்மனை வீடுகள் ஆறும் இன்று முதல் துறைப் பணிக்கு உரியவை. இரண்டு மீகாமர் குடும்பத்துக்கும் முதல் இரண்டும், எஞ்சியவை கலங்கரை விளக்கு ஏற்றுவோர்க்கும் படகுத் தலைவர்க்கும், வாடகையின்றி, பணி உள்ளளவும். வெண்ணியும் மக்களும் ஆழித்துறை வந்து சேர வண்டி அனுப்பியுள்ளோம். செந்நெற்குடி வீட்டை வைத்துக்கொள்வதோ விற்பதோ அவர்கள் விருப்பம், அதன் கடனை அரண்மனை தீர்க்கும். துறைப் பணியாளர் வாங்கும் வீட்டுக் கடனுக்கு வணிகர் குழு நூற்றுக்கு மாதம் ஒரு பொன்னுக்கு மேல் வட்டி வாங்கலாகாது. பிணைக்கு நாம் நிற்போம். ஓராண்டுக்கு மேல் ஆளின்றிப் பூட்டி வைக்கும் வீட்டுக்கு மும்மடங்கு வரி. இவ்வரி அரண்மனைக்கும் உண்டு. இதைத் தண்டும் பொறுப்பு பூதனாருடையது. எவருடைய மனவருத்தத்தையும் பாராமல் எழுதுக என்று அவருக்கும் தனியோலை விடுத்துள்ளோம்.

இவையெல்லாம் முன்பே செய்திருக்கக் கூடியவை. செய்யவில்லை. பதினோர் உயிர்க்கு இவை ஈடு என்று சொல்லிக்கொள்ள எமக்கு நா எழவில்லை. இவ்வாணையை ஊர் நடுவில் படிக்கும்போது எம்மைப் புகழும் அடைமொழி எதையும் சேர்த்துப் படிக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. வரும் பௌர்ணமியன்று நாம் ஆழித்துறை வருகிறோம். தோரணம் கட்டவேண்டாம், மேளம் வேண்டாம், நகரத்தார் எதிர்கொள்ளவும் வேண்டாம். எம்முடன் பணிப்பெண் ஒருத்தி மட்டுமே வருவாள். பூதனார்க்குக் கதவு திறக்காத அந்த இரண்டு வீடுகளுக்கும் போகும் தெரு எமக்குத் தெரியாது. நகர எல்லையில் வழி காட்ட ஒருவரை நிறுத்துக. கதவு திறக்கும் வரை நாம் வாயிலில் நிற்போம். எவரும் தட்டித் திறக்கச் சொல்லலாகாது.

இவ்வோலை எழுதினவன் அரண்மனை எழுத்தன் நக்கன். கேட்டு முத்திரை இட்டவள் நங்கைவேள்.